அழிக்க அழிக்க நிறைகிறது

"அழிக்க அழிக்க நிறையுதுங்க மேடம். ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போங்க."

நஞ்சப்பன் போனில் இவ்வளவுதான் சொன்னார். கம்பைநல்லூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். கல்யாணப் படங்களைச் சேர்த்துவைக்கும் கம்ப்யூட்டர் நிறைந்துபோய், பழைய கல்யாணங்களை ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்திருக்கிறார். துளி இடம்கூடத் திரும்பவில்லை. என் தொழிலில் இது பழக்கப்பட்ட புகார். தருமபுரியில் இருந்துகொண்டு மாவட்டத்து ஸ்டுடியோக்கள், பள்ளிக்கூடங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள் ஆகியவற்றின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. கேட்டதுமே காரணம் தெரிந்துவிட்டது. போனதும் முடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன்.

இறங்கியபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஐப்பசி மாதத்து மதியம். வானம் ஓட்டுக்கூரைகளின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது. கடைத்தெருவின் கடைசியில், முன்னறையைக் கடையாக்கிய ஒரு பழைய வீடு. கண்ணாடிக்குப் பின்னால் மாலையும் கழுத்துமாய் நின்ற மணமக்கள் வெயிலில் வெளுத்து நீலம் பூத்துப்போயிருந்தார்கள். உள்ளே பெஞ்சில் ஒருவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம்.

"இவரு மாதேஸ்வரன்," என்றார் நஞ்சப்பன். "இவரு அக்கா வூட்டுக்காரர் மாது, ஸ்டேண்டுல ஆட்டோ ஓட்டிக்கிட்டிருந்தவரு. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. அவ்ளோதான்."

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்களாம். அதற்குள் படம் தயாராகி, அரூருக்குப் போய் பிளெக்ஸ் அடித்து வந்து, வீட்டு முன்னாலும் பஸ் நிறுத்தத்திலும் கட்டியாக வேண்டும். மாதுவைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஆதாரில் இருப்பது அவர்தான் என்று அவர் பெண்டாட்டியே நம்பமாட்டாளாம். இங்கே பலருக்கும் கதை இதுதான். வாழ்நாளில் தனக்கென்று ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்துதான் முகத்தை வெட்டி எடுக்க வேண்டும்.

"மேடையில தேடாதீங்கண்ணா," என்றார் மாதேஸ்வரன். "பந்தியில தேடுங்க. எந்தக் கல்யாணத்துலயும் மொதப் பந்தி அவருதான்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாடிக்குப் போகும் மரப்படிகளில் ஏறும்போது நஞ்சப்பன் தன் கடையின் வழக்கத்தைச் சொன்னார். பிலிம் காலத்திலிருந்தே இருப்பது. சாவுக்கென்று வெட்டி எடுத்த முகத்தைக் கடையில் வைத்திருக்கக் கூடாது. அந்த நாளில் அவருடைய அப்பா, நெகட்டிவைத் துண்டாக நறுக்கி இறந்தவர் வீட்டில் கொடுத்துவிடுவார். அவர்கள் அதைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளுவார்கள். இப்போது நெகட்டிவ் இல்லை. அதனால் பிணம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் கம்ப்யூட்டரிலிருந்து படத்தை அழித்துவிடுவார்.

"வெச்சிருந்தா, நமக்கு இன்னும் எடம் இருக்குதுன்னு நின்னுருவாங்க," என்றார். அதில் பயம் இல்லை. கடை பூட்டும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

மாடி அறையின் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நஞ்சப்பனின் மனைவி காவேரி. பக்கத்தில் மூடிய தட்டு ஒன்று. அவர் உடனே விலகவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். வேலையைப் பொறுத்தது என்றேன். "பொழுதோட முடிச்சிரு கண்ணு," என்று முழங்காலை மடக்கி வழி விட்டார்.

கதவைத் திறந்ததும் வாசனை வந்தது.

மாங்காய். கத்தியால் அப்போதுதான் கீறிய பச்சை மாங்காயும், அதன்மேல் தூவிய உப்பும் மிளகாய்த்தூளும். நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. பிறகுதான் நினைத்தேன், ஐப்பசியில் மாங்காய் ஏது?

சன்னல் அடைத்திருந்தது. மேசைமேல் ஒரு திரை, கீழே கறுப்புப் பெட்டி. பெட்டிமேல் ஒட்டிய வெள்ளைத் தாளில் நீல மையில் எழுதியிருந்தது: 'அப்பா, இதைத் தொடாதே.' அருகில் நாக்கை நீட்டும் ஒரு பொம்மை முகம்.

"எங்க பொண்ணு வெச்சுக் குடுத்தது. கலைமதி," என்றார் நஞ்சப்பன். அதற்குமேல் சொல்லாமல் கீழே இறங்கிப் போனார். மேசையைச் சுற்றி எங்கும் அந்தப் பெண்ணின் படம் இல்லை. ஸ்டுடியோக்காரர் வீட்டில் மகளின் படம் இல்லாதது என்னை உறுத்தியது.

பெட்டியைத் திறந்து பார்த்ததில் நான் நினைத்தது சரியாகவே இருந்தது. அந்தப் பெண் ஸ்னாப்ஷாட் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ஸ்னாப்ஷாட் என்பது நகல் அல்ல. அந்த நொடியில் டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே அதை நினைவில் நிறுத்திவைப்பது. எதுவும் மாறாதவரை அதற்கு இடமே வேண்டாம். எதையாவது மாற்றினாலோ அழித்தாலோதான் அது பழையதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நஞ்சப்பன் கல்யாணங்களை அழித்தபோதெல்லாம் அவை திரையிலிருந்து மறைந்தன. ஸ்னாப்ஷாட்டுகள் விடவில்லை. அவள் ஒரு மணிக்கொன்றாய் எடுக்கச் சொல்லியிருந்தாள். எதையும் விட்டுவிடாதே என்றும் சொல்லியிருந்தாள்.

எனக்கு அந்த ஏற்பாட்டை எப்போதும் பிடிக்கும். வாழ்க்கையும் அப்படித்தான் என்று தோன்றும். இருக்கும்வரை ஒரு மனிதருக்கு நமக்குள் இடம் என்று தனியாக ஒன்றும் தேவைப்படுவதில்லை. போன பிறகுதான் அவர் இடம் பிடிக்கத் தொடங்குகிறார்.

வரிசையைப் பார்த்துக்கொண்டே போனபோது ஒன்று கண்ணில் பட்டது. பெரும்பாலான ஸ்னாப்ஷாட்டுகள் வெறுமனே கிடந்தன. பிற்பகலில் எடுத்தவை மட்டும் பருத்திருந்தன, தினமும். அப்படியென்றால் அந்த நேரத்தில் ஒரு பெரிய கோப்பு உருவாகி, அடுத்த மணிக்குள் காணாமல் போகிறது. அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டுக்குள் மட்டும் அது தங்கிவிடுகிறது.

மதியத்தில் இங்கே உட்கார்ந்து யார் வேலை செய்கிறார்கள் என்று வாசலைப் பார்த்துக் கேட்டேன்.

"யாருமில்ல," என்றார் காவேரி. தட்டின் மூடியைச் சரிசெய்துகொண்டே, "அவரு மதியத்துல மேல வர மாட்டாரு," என்றார்.

நஞ்சப்பன் கல்யாண வேலையை விட்டே ஒரு வருடத்துக்கு மேலாகிறதாம். சாவுப் படம் என்று யாராவது வந்தால் மட்டும் மறுக்க முடியாமல் செய்து கொடுக்கிறார். அதுவும் காலையில்.

பருத்த ஸ்னாப்ஷாட் ஒன்றைத் திறந்தேன். உள்ளே 'அஞ்சலி' என்று ஒரு போல்டர். இப்போதைய டிஸ்கிலும் அது இருந்தது, காலியாக. இதற்குள் காலியாக இல்லை.

முகங்கள்.

கிழவர்கள், நடுவயதுக்காரர்கள், இடுப்புக் குழந்தையோடு இருந்த ஒருத்தி, பள்ளிச் சீருடையில் ஒரு பையன். எல்லோரும் கல்யாணக் கூட்டங்களிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவர்கள். நீலப் பின்னணியில் ஒரே மாதிரி நின்று என்னைப் பார்த்தார்கள். காவேரி எழுந்து என் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"இது பூக்கார செல்லம்மாள்," என்று திரையைத் தொட்டார். "இது மில்லுக்காரர் மவன். எல்லாரையும் அவரு அழிச்சாரே கண்ணு. நாந்தான் பக்கத்துல நின்னேன்."

அழித்ததுதான். அழித்ததையும் பிடித்து வைத்திருக்கத்தான் அவருடைய மகள் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறாள் என்று விளக்கினேன். ஒருமுறை நஞ்சப்பன் கைதவறி ஒரு கல்யாணம் முழுவதையும் அழித்துவிட்டு, பெண் வீட்டார் வந்து தெருவில் சத்தம் போட்டிருக்கிறார்கள். அந்த வாரமே கலைமதி கல்லூரியிலிருந்து வந்து இதை வைத்துக்கொடுத்தாளாம். நீ எதை அழிச்சாலும் நான் எடுத்து வெச்சிருப்பேன்ப்பா என்று சிரித்தாளாம். அவளுக்குக் கடை வழக்கம் தெரியும். ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை. அந்த வாரத்திலிருந்து இந்த ஊரில் செத்தவர்கள் யாரும் இந்தப் பெட்டியை விட்டுப் போகவேயில்லை.

நான் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முகத்திலும் இடது கண்ணில், கருவிழியின் ஓரத்தில், கடுகளவு வெளிச்சம்.

"அது எம் பொண்ணு வெக்கறது," என்றார் காவேரி. குரலில் ஒரு பெருமை வந்து போனது. "கூட்டத்துல நிக்கறவங்க கண்ணுல லைட்டு விழாதில்ல. பெருசு பண்ணா கண்ணு குழியாட்டம் இருக்கும். இவதான் ஒரு பொட்டு வெப்பா. வெச்சதும் நம்மளப் பார்ப்பாங்க. அவ கை அவ்ளோ சுத்தம் கண்ணு. பக்கத்துல நின்னவங்க கை, சீலை ஓரம், ஒண்ணு விட மாட்டா. அந்தாளு பொறக்கும்போதே தனியா நின்னாப்பல இருக்கும். மாங்காயத் தின்னுக்கிட்டே செய்வா. மவுசெல்லாம் மொளகாயி. வாயில ரெண்டு போடுவேன்."

போன வருடம் ஆடியில் காய்ச்சல் வந்து, அரூருக்கும் அங்கிருந்து சேலத்துக்கும் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது என்றார். அவள் படத்தையும் நஞ்சப்பன்தான் வெட்டினார். கல்யாணங்களில் அப்பாவுக்காக விளக்குப் பிடித்து நிற்பவள் அவள். வெளிச்சம் எல்லோர் முகத்திலும் விழும், அவள் முகத்தில் விழாது. அப்படி இருட்டுக்குள் நின்ற ஒரு படம்தான் கிடைத்தது. பிளெக்ஸ் அடித்து வந்ததும் வழக்கப்படி அழித்துவிட்டார். மற்ற படங்களைக் காவேரி பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடந்ததால் அவற்றையும் எடுத்து எங்கோ போட்டுவிட்டார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நான் சொன்னேன். என் கணவர் அர்ச்சுனன் போய் மூன்றாவது வருடம் நடக்கிறது. அவர் படமும் அவருடைய நண்பரின் கல்யாண வரவேற்பில் எடுத்ததுதான். கண் என்னைப் பார்க்காது, சுவரின் எந்த மூலையில் மாட்டினாலும் பார்க்காது. அவர் தோளில் என் விரல்கள் நான்கும் அப்படியே இருக்கும். பக்கத்தில் நின்றிருந்தது நான்தான். ஸ்டுடியோக்காரர் அழித்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் படத்தில் எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.

சொன்ன பிறகு, அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் கேட்டோமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

காவேரி என் தோளில் கை வைத்தார். கை சில்லிட்டிருந்தது.

நான் பிந்திய ஸ்னாப்ஷாட்டுகளுக்குப் போனேன். போன வருடம் ஆடிக்குப் பிறகு எடுத்தவற்றுக்கு. அவள் இல்லாத மாதங்கள். நஞ்சப்பன் தனியாக வெட்டிய முகங்கள்.

வெட்டிய அன்றைய காலைநேரப் பிரதிகளில் அவற்றின் கண்கள் குழிகளாக இருந்தன. பிற்பகல் பிரதிகளில் பொட்டு இருந்தது.

ஒவ்வொன்றிலும் இருந்தது.

தோளில் கிடந்த அந்நியக் கைகள் பிற்பகலில் மறைந்திருந்தன. சட்டைகள் முழுசாகியிருந்தன.

என் கை மவுஸிலிருந்து தானாக விலகியது. விரல் நுனி பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோகாமலே தெரிந்தது, உப்பும் காரமும்.

"தினமும் சத்தம் கேக்கும்," என்றார் காவேரி மெதுவாக. "க்ளிக், க்ளிக்னு. நான் உள்ள வர மாட்டேன். வந்தா நின்னுரும். வாசல்லயே உக்காந்துக்குவேன். தட்டு வெப்பேன்."

"சாப்பிடுவாளா?"

"எப்படிச் சாப்புடுவா. ஆறிப் போவும். நாந்தான் திங்கறேன்."

கடைசியாக இருந்த கோப்பை அப்போதுதான் கவனித்தேன். எல்லாப் பிற்பகலிலும் அது இருந்தது. திறந்தேன். கையில் விளக்குக் கம்பியைப் பிடித்து நின்ற பெண்ணின் முகம். பின்னிய சடை முன்னால் கிடந்தது. கண்கள் இரண்டும் இருண்ட குழிகள்.

காவேரி இரண்டு கைகளாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வெளிச்சப் பொட்டு அந்த முகத்திலும் இருந்தது. கண்ணில் இல்லை. ஒரு நாள் கன்னத்தில். மறுநாள் புருவத்தின்மேல். இன்னொரு நாள் கீழிமைக்கு வெளியே. கண்ணாடி இல்லாமல் பொட்டு வைத்துக்கொள்ளப் பார்ப்பவள்போல, ஒரு வருடமாக, ஒவ்வொரு பிற்பகலும், எங்கெங்கோ வைத்துவைத்துக் கலைத்திருந்தாள். ஊரில் எல்லோர் கண்ணுக்கும் வைத்தவளுக்குத் தன் கண் அகப்படவில்லை.

கரண்ட் போனது.

இன்வெர்ட்டர் ஒருமுறை கீச்சிட்டது. திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. சன்னல் இடுக்கில் மழை மறுபடியும் பிடித்துக்கொண்ட சத்தம். மாங்காய் வாசனை அறையின் மூலையிலிருந்து நகர்ந்து, எங்களுக்கும் மேசைக்கும் நடுவே வந்து நின்றது.

என் கைகள் மடியில் இருந்தன. காவேரியின் கைகள் என் தோளில் இருந்தன.

க்ளிக்.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது. கன்னத்தருகே போய்த் தயங்கியது.

க்ளிக்.

"வந்துட்டா," என்றார் காவேரி. அதில் பயமே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் செருப்புச் சத்தம் கேட்டதுபோல் இருந்தது அந்தக் குரல்.

படியில் நஞ்சப்பனின் காலடி கேட்டதும் அம்புக்குறி நின்றது. மாது வீட்டிலிருந்து போன் வந்துவிட்டதாகவும், இடம் கிடைத்ததா என்றும் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு பின்னால் வரிசையாகத் தெரிந்த மற்ற முகங்களை, ஒவ்வொன்றாக. யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவரையும் அவர் கையால் அழித்திருந்தார்.

சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ யாருமே போவலையா?"

நான் இல்லையென்று தலையசைத்தேன்.

"எல்லாத்தையும் எடுத்துருங்க மேடம்," என்றார். "ஒண்ணு விடாம."

"வேண்டாம்," என்றார் காவேரி.

"மாதுவையும் இதுக்குள்ள போடச் சொல்றியா? கீழ அவன் மச்சான் அழுதுக்கிட்டிருக்கான். இந்தப் பொட்டியில போட்டா அவனும் இங்கயேதான் கெடப்பான்."

"நீ ஒரு நாள்ல அவள அழிச்ச ஆளு. உனக்கென்ன."

நஞ்சப்பன் தலையைத் தூக்கவில்லை. "அழிச்சாப் போயிருவான்னு அழிச்சேன் காவேரி. ஒக்காந்து வேல பார்த்துக்கிட்டிருப்பான்னு எனக்குத் தெரியுமா? செத்தும் ஓய்வில்லாம?"

அந்தச் சொல் காவேரியைத் தொட்டது. திரையில் இருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். கன்னத்தில் தவறி விழுந்த வெளிச்சத்தை விரலால் துடைக்கப் பார்த்தார். பிறகு என்னிடம், அந்தக் கண்ணில் தானே வைக்க முடியுமா என்று கேட்டார்.

ஸ்னாப்ஷாட்டுக்குள் இருப்பதை யாராலும் திருத்த முடியாது. வெளியே எடுத்துத்தான் திருத்த வேண்டும். டிஸ்கில் அதற்கும் இடமில்லை. என் மடிக்கணினியைத் திறந்து படத்தை அதில் இறக்கினேன். காவேரிக்கு மவுஸ் பிடித்துப் பழக்கமில்லை. அவர் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். மூன்று முறை தவறியது. நான்காவது முறை, இடது கருவிழியின் ஓரத்தில், கடுகளவு.

கலைமதி எங்களைப் பார்த்தாள்.

இருபது வயதுகூட நிறையாத முகம். ஏதோ குறும்பு செய்துவிட்டுச் சொல்லாமல் வைத்திருப்பவளின் பார்வை. நஞ்சப்பன் எழுந்து வந்து பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய்ப் படியில் நின்று அழுதார்.

"இப்ப எடுத்துரு கண்ணு," என்றார் காவேரி.

நான் ஸ்னாப்ஷாட்டுகளை அழிக்கத் தொடங்கினேன். அது வேடிக்கையான வேலை. பழையதை அழித்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும், அதை அழித்தால் அதற்கடுத்தது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருக்கும். கடைசி ஒன்றும் விட்டால்தான் பெரும்பகுதி இடம் திரும்பும். கடைசி ஒன்றுக்கு முன்னால் நான் காவேரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தட்டின்மேல் இருந்த மூடியை எடுத்து, சோற்றைப் பிசைந்து, ஒரு உருண்டை உருட்டி மேசையின் ஓரத்தில் வைத்தார். பிறகு தலையசைத்தார்.

டிஸ்கில் இடம் திரும்பியது. மாங்காய் வாசனை இல்லை. எப்போது போனது என்று கவனிக்கவில்லை. கரண்ட் வந்தது.

மாதுவை நஞ்சப்பன் ஒரு முதல் பந்திப் படத்திலிருந்து எடுத்தார். இலைமுன் உட்கார்ந்து, பரிமாற வருபவரை ஆவலோடு நிமிர்ந்து பார்க்கும் முகம். மாதேஸ்வரன் பார்த்ததும், "இதுதான். இப்படித்தான் இருப்பாரு," என்று விம்மினார். படம் அரூருக்குப் போன கையோடு நஞ்சப்பன் அதை அழித்தார். கலைமதி வைத்த ஏற்பாட்டை நான் நிறுத்தியிருந்தேன். அஞ்சலி போல்டரைச் சேர்க்காமல், கல்யாணங்களுக்கு மட்டும் புதிதாக ஒன்று போட்டுக்கொடுத்தேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தவர் காவேரிதான். நான் மடிக்கணினியில் இருந்த படத்தையும் அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உங்கிட்ட இருக்கட்டும் கண்ணு. ஒண்ணே ஒண்ணு. என் வூட்டுல வேண்டாம், நான் பார்த்துக்கிட்டே கெடப்பேன். அவரு கேட்டா அழிச்சிட்டேன்னு சொல்லிரு."

எனக்குக் கடை வழக்கம் ஞாபகம் வந்தது. அதைவிட அவர் விரல்களின் பிடி பெரிதாக இருந்தது. தோளில் நான்கு விரல்களை விட்டுவைத்துக்கொண்டவள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? சரி என்றேன்.

நஞ்சப்பன் சில நாள் கழித்துப் பேசினார். பெட்டி நன்றாக இருக்கிறது, இடம் குறையவே இல்லை என்றார். காவேரி இப்போது மதியத்தில் கீழேயே படுத்துத் தூங்குகிறாராம். வழக்கமான விசாரிப்புக்குப் பிறகு சற்று நிறுத்தி, "நீங்க எடுத்ததையும் அழிச்சிட்டீங்கல்ல மேடம்?" என்றார். அழித்துவிட்டேன் என்றேன். அவர் மூச்சு விட்ட சத்தம் போனில் கேட்டது.

கார்த்திகை பிறந்து ஒரு பிற்பகல். ஒரு பள்ளிக்கூடத்து வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்தேன். மடிக்கணினி மேசைமேல் மூடியபடியே இருந்தது. மழை இருட்டில் கூடம் மங்கியிருந்தது. செருப்பைக் கழற்றும்போது நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. ஏனென்று ஒரு கணம் புரியவில்லை.

பிறகு வாசனை வந்தது. உப்பும் மிளகாயும் தூவிய பச்சை மாங்காய்.

விளக்கைப் போட்டேன்.

சுவரிலிருந்து அர்ச்சுனன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடமாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர். நான் இடப்பக்கம் நகர்ந்தேன். பார்த்தார். வலப்பக்கம் நகர்ந்தேன். பார்த்தார். நாற்காலி போட்டு ஏறி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன். இடது கண்ணில் இருந்த கடுகளவு வெளிச்சம் போகவில்லை. அது கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. பயத்தால் இல்லை. "வந்துட்டீங்களா," என்று வாய்விட்டே கேட்டேன். பழக்கத்தில் கை அவர் தோளுக்குப் போனது, என் விரல்கள் இருக்கும் இடத்துக்கு.

அங்கே விரல்கள் இல்லை.

சட்டையின் நீலக் கோடுகள், ஒன்றுகூட விலகாமல், தோளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுத்தமாக ஓடின. பக்கத்தில் யாரும் ஒருநாளும் நின்றதே இல்லை என்பதுபோல.